மொம்பாசாவின் பழைய நகரம்

நேயர்களுக்கு வணக்கம். கென்யா போய்வந்தேன் என்று சொன்னால் யாரும் முதலில் கேட்பது, "சிங்கம் பார்த்தீர்களா?" என்பதைத்தான். நான் இன்று பேச வந்தது மொம்பாசாவைப் பற்றி. இந்தியப் பெருங்கடல் ஓரத்தில், ஒரு சின்னத் தீவில் தொடங்கி இருபுறக் கரைக்கும் பரவிய துறைமுக நகரம் அது.

விடுமுறைக்கு அங்கே வருகிறவர்களில் பலர் விமானம் இறங்கியதும் நேராக டியானி, நியாலி கடற்கரை விடுதிகளுக்குப் போய்விடுகிறார்கள். வெண்மணலும் நீலக்கடலும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பழைய நகரத்தின் சந்துகளில் தங்கிப் பார்க்காதவர்கள் மொம்பாசாவைப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. அதனால் நான் அங்கேதான் அறை எடுத்தேன்.

சுவர்களெல்லாம் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும். மாடிகளில் மரச் சித்திரவேலை செய்த பால்கனிகள், வாசலில் செதுக்கு வேலைப்பாடு நிறைந்த கனத்த கதவுகள். ஆப்பிரிக்கர், அரேபியர், குஜராத்திகள் எல்லார் கையும் பட்ட ஊர் என்பதை அந்தக் கதவுகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பொழுது சாயும்போது காபிக்காரர் வருவார். அடியில் கரி கனலும் நீண்ட மூக்குப் பித்தளைப் பாத்திரம், கைக்குள் அடங்கும் பீங்கான் கிண்ணம். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது. இஞ்சி மணக்கும் அந்தக் கசப்புக் காபியை ஒரு வாய் குடித்து, தேங்காய் மிட்டாயை ஒரு கடி கடிக்க வேண்டும். திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் எனக்கும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். எந்த ஊர், என்ன தொழில், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார்கள். அந்த விசாரிப்பில் எனக்கு ஊர் அந்நியமாகவே தெரியவில்லை.

சந்துகளைத் தாண்டினால் ஜீசஸ் கோட்டை. 1593-இல் போர்ச்சுகீசியர் கட்டத் தொடங்கியது. வரைபடம் போட்டவர் ஜொவான்னி பத்திஸ்தா கைராத்தி என்ற இத்தாலியர். 1696 மார்ச்சில் ஓமானியர் இதை முற்றுகையிட்டார்கள். 1698 டிசம்பரில்தான் கோட்டை விழுந்தது. உள்ளே இருந்தவர்களில் ஆயுதத்துக்கு இரையானவர்களைவிட நோய்க்கு இரையானவர்களே அதிகம். பின்னால் ஆங்கிலேயர் இதைச் சிறைச்சாலையாக வைத்திருந்தார்கள். என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது ஒரு சுவர்தான். போர்ச்சுகீசியப் படைவீரர்கள் கரியாலும் செங்காவியாலும் அதில் கப்பல்களையும் மனிதர்களையும் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். ஊரை விட்டு எத்தனையோ மாதக் கடல் வழி தள்ளி, அடுத்த கப்பல் எப்போது வரும் என்று காத்திருந்தவர்கள் வரைந்த கப்பல்கள். அதைப் பார்த்த பிறகு பீரங்கிகளில் எனக்கு மனம் செல்லவில்லை.

கப்பல் வந்ததெல்லாம் காற்றின் தயவில்தான். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை கொண்டுவரும் வடகிழக்குப் பருவக்காற்றுதான் அங்கே கஸ்காசி. அரேபியாவிலிருந்தும் குஜராத்திலிருந்தும் பாய்மரக் கப்பல்கள் அந்தக் காற்றைப் பிடித்து வந்து, சில மாதம் தங்கி, எதிர்க்காற்றான கூசி கிளம்பியதும் திரும்பிப் போகும். அந்தச் சில மாதத் தங்கலில்தான் கல்யாணமும் கொடுக்கல் வாங்கலும் சமையலும் கலந்தன.

சமையலைச் சொல்லாமல் எப்படி? காலையில் ஏலக்காய் போட்ட, முக்கோணமாகப் பொரித்த மஹாம்ரி. தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப் பாலில் வேகவைத்த துவரை. மாலையில் தெருவோரம் வியாசி கராய், நம் உருளைக்கிழங்கு பஜ்ஜியின் தம்பி, புளிச் சாற்றோடு. வெயிலுக்கு இளநீர்.

தெற்குக் கரைக்குப் போக லிக்கோனி படகு இருக்கிறது. நடந்து ஏறுகிறவர்களுக்குக் கட்டணமே இல்லை. கதவு திறந்ததும் பள்ளிப் பிள்ளைகள், மீன் கூடைக்காரர்கள், சைக்கிள், தள்ளுவண்டி என்று கூட்டம் ஒன்றாக இறங்கி நடக்கும். யார் கையை வீசிப் போனாலும் ஏற்றிக்கொள்ளும் அந்தப் படகில் சும்மாவே ஒருமுறை போய்வாருங்கள்.

அப்புறம் ரயில். 1896-இல் மொம்பாசாவில் தொடங்கிய பாதை 1901-இல் விக்டோரியா ஏரியைத் தொட்டது. அதைப் போட இந்தியாவிலிருந்து, பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளைக் கொண்டுவந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலையிலேயே மடிந்தார்கள். 2017 முதல் ஓடும் புது ரயிலில் நைரோபியிலிருந்து வசதியாக வரும்போது அவர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு கவலையும் உண்டு. பழைய நகரத்தில் பவளக்கல் வீடுகள் சில பராமரிப்பு இல்லாமல் உதிர்கின்றன. சில இடங்களில் வீட்டை இடித்து கான்கிரீட் மாடி எழுப்பிவிட்டார்கள். பழைய வீட்டைக் காப்பாற்றுவது செலவு பிடிக்கும் வேலை, சொந்தக்காரர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நீங்கள் போகும்போது ஓரிரு இரவாவது அந்தச் சந்துகளில் உள்ள விடுதிகளில் தங்குங்கள், அங்கேயே சாப்பிடுங்கள். டிசம்பரிலிருந்து மார்ச் வரை போகத் தோதான காலம். தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள், பள்ளிவாசல்கள் நிறைந்த இடம் அது. யாரையும் படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.