சிறுவாட்டுக் காசும் கைபேசிப் பணமும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ரொக்கப் பணம் கைமாறாத ஒரு சமுதாயத்தை நோக்கி நாம் நகர்ந்துகொண்டிருக்கிறோம். அந்த நகர்வில் யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு என்பதைப் பற்றி உங்களோடு பேச வந்திருக்கிறேன். வங்கியில் காசாளராக நெடுங்காலம் பணியாற்றி, நோட்டுகளை எண்ணி வாங்குவதும் எண்ணிக் கொடுப்பதுமாக வாழ்ந்தவன் என்பதால் இது என் மனத்துக்கு மிக நெருக்கமான பொருள். கைபேசிவழிப் பணத்தைக் குறை கூறுவது என் நோக்கமில்லை. ஆகவே அதன் நன்மையிலிருந்தே தொடங்குகிறேன்.

பேருந்தில் நடத்துநர் மீதித் தொகையைப் பயணச்சீட்டின் பின்புறம் எழுதிக் கொடுத்ததும், இறங்கும் அவசரத்தில் அதைக் கேட்டு வாங்க மறந்ததும், மளிகைக் கடையில் இரண்டு ரூபாய்ச் சில்லறைக்குப் பதிலாக மிட்டாயைப் பெற்று வந்ததும் உங்களுக்கும் நினைவிருக்கும். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தி நம் மாநிலத்தில் எத்தனை காலம் நீடித்தது என்பதையும் அறிவீர்கள். வெளியிடப்பட்ட 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இல் அறிவித்த பின்னரும் பல கடைகள் அந்த நாணயத்தை வாங்க மறுத்தன. 2016 ஏப்ரலில் அறிமுகமான யு.பி.ஐ. முறை, இந்தச் சில்லறைத் தொல்லையிலிருந்து நம்மைப் பெருமளவு விடுவித்திருக்கிறது. இளநீர் விற்பவரும் பூ விற்பவரும் ஓர் அட்டையைத் தொங்கவிட்டு, பதினேழு ரூபாயைப் பதினேழு ரூபாயாகவே பெற்றுக்கொள்கிறார்கள். 2024-25 நிதியாண்டில் மட்டும் இவ்வழியே 18,500 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன என்றால், மக்கள் இதை விரும்பி ஏற்றுக்கொண்டார்கள் என்பதில் ஐயமில்லை.

இது இலவசமாகக் கிடைக்கிறது என்ற எண்ணம் மட்டும் சரியன்று. 2020 ஜனவரி முதல் இத்தகைய பரிவர்த்தனைக்கு வணிகரிடம் கட்டணம் வசூலிக்கப்படுவதில்லை. அந்தச் செலவை வங்கிகளும் செயலி நிறுவனங்களும் சுமக்க, அவர்களுக்கு அரசு ஊக்கத்தொகை தருகிறது. 2024-25-க்கு அதற்கென ஒப்புதல் தரப்பட்ட தொகை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய். அது நம் வரிப்பணம். ரொக்கத்துக்கும் செலவு உண்டு. 2023-24-இல் நோட்டு அச்சிடுவதற்கு ரிசர்வ் வங்கி செலவிட்டது சுமார் 5,100 கோடி ரூபாய். அதை ஊர் ஊராகக் கொண்டுசெல்வதும் காவல் காப்பதும் தனிச் செலவு.

இத்தனைக்குப் பிறகும் ரொக்கம் குறையவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். 2016 மார்ச்சில் ஏறத்தாழ 16.4 லட்சம் கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம், 2024 மார்ச்சில் 34.8 லட்சம் கோடியை எட்டிவிட்டது. செலவழிப்பதற்குக் கைபேசியைப் பயன்படுத்தும் மக்கள், சேர்த்து வைப்பதற்கு நோட்டையே நம்புகிறார்கள் என்று நான் கருதுகிறேன். கறுப்புப் பணம் ஒரு காரணமாக இருக்கலாம். நான் பேச விரும்புவது வேறொரு காரணத்தைப் பற்றி. அதுதான் நம் வீட்டுப் பெண்களின் சிறுவாடு.

2016 நவம்பர் 8-ஆம் நாள் இரவு, 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 விழுக்காடு அந்த இரண்டு நோட்டுகளில்தான் இருந்தது. அடுத்து வந்த வாரங்களில் எங்கள் கிளைக்கு வந்தவர்களில் ஓர் அம்மாளை என்னால் மறக்க இயலவில்லை. நோட்டுகளை நான்காக மடித்து, சமையலறை டப்பாவில் பல காலம் வைத்திருந்திருக்கிறார். எண்ணும்போது என் விரல்களில் மிளகு வாடை வந்தது. தொடக்கத்தில் ஒருவர் 4,000 ரூபாய் வரைதான் நேரடியாக மாற்றிக்கொள்ள முடியும். மீதியைக் கணக்கில் செலுத்தியாக வேண்டும். அதைச் சொன்னதும் அவர் குரலைத் தாழ்த்தி, “கணக்குல போட்டா அவருக்கு மெசேஜ் போயிருமாங்க?” என்று கேட்டார். அது கணவரோடு சேர்ந்த கணக்கு. பதிவாகியிருந்ததும் கணவரின் கைபேசி எண்தான். போகும் என்றேன். “மக பிரசவத்துக்கு வெச்சது சார்” என்று சொல்லிவிட்டு, வரிசையிலிருந்து விலகிச் சுவரோரம் நெடுநேரம் நின்றார். வங்கி மூடும் நேரத்தில் மீண்டும் வந்து, ஒன்றும் பேசாமல் அத்தனையையும் செலுத்திவிட்டுப் போனார்.

அவர் வரி ஏய்த்தவர் அல்லர். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து, தன் மகளுக்காகத் தனக்கு மட்டுமே தெரிந்த ஓரிடத்தில் சேர்த்தவர். நோட்டு யாருக்கும் செய்தி அனுப்புவதில்லை. யார் கொடுத்தார், எப்போது கொடுத்தார், எதற்குச் செலவாயிற்று என்ற பதிவு அதில் இல்லை. குற்றவாளிக்கு அது வசதி என்பது உண்மைதான். ஆயினும் குடிக்கும் கணவனிடமிருந்து பள்ளிக் கட்டணத்தைக் காப்பாற்ற வேண்டிய பெண்ணுக்கு அதுவே பாதுகாப்பு. 2023 செப்டம்பர் முதல் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் பெண்களின் கணக்குக்கே நேரடியாக வருகிறது. இடையில் எவரும் கைவைக்க முடியாத இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அப்படி வந்த பணத்தை உடனே ரொக்கமாக எடுத்துச் செல்லும் பெண்களை ஏ.டி.எம். வாசலில் பார்க்கும்போது, அவர்கள் காலத்துக்குப் பின்தங்கியவர்கள் என்று எண்ணாதீர்கள் என்று மீண்டும் மீண்டும் சொல்வேன். ரகசிய எண்ணைப் பேரனிடம் ஒப்படைத்துவிட்டு, தன் ஓய்வூதியத்தில் எவ்வளவு மீதமிருக்கிறது என்று அவனிடமே கேட்க வேண்டிய முதியவர்களும் இந்தக் கணக்கில் சேர வேண்டியவர்களே.

அடுத்து, பேரிடர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் ஒருசேர அறுந்தபோது, பால் வாங்கக் கையில் இருந்த நோட்டுதான் உதவியது. ரொக்கத்தை ஏறக்குறைய மறந்துவிட்ட சுவீடன் நாடு, 2018-இல் வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிக் காலக் கையேட்டில் சிறு மதிப்பு நோட்டுகளைக் கைவசம் வைத்திருக்குமாறு மக்களுக்கு அறிவுறுத்தியது. பெரிய வங்கிகள் ரொக்கச் சேவையைக் கைவிடாமலிருக்கச் சட்டமும் இயற்றியது. நார்வே 2024 அக்டோபர் முதல், கடைகளில் ரொக்கம் செலுத்தும் நுகர்வோரின் உரிமையை வலுப்படுத்தியிருக்கிறது. நம் ஊரிலும் ரொக்கத்தை வாங்க மறுக்கும் கடைகள் தலைகாட்டத் தொடங்கிவிட்டன. அவை பெருகுவதற்கு முன்பே, கடையோ அலுவலகமோ ரொக்கத்தை மறுக்கலாகாது என்று நம் சட்டமும் ஐயத்துக்கு இடமின்றிக் கூற வேண்டும் என்பது என் கோரிக்கை.

மோசடிகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள். ஆகவே முதன்மையானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை அழுத்தத் தேவையே இல்லை. அழுத்தச் சொல்பவர் உங்கள் பணத்தை எடுக்கப் பார்க்கிறார். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். வங்கிக்கும் அப்போதே தெரிவியுங்கள். உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் வெளியார் செய்த மோசடி என்றால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்வோருக்கு இழப்பில் பொறுப்பு இல்லை என்பது ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த விதி. புகார் செய்ததற்கான எண்ணை மறவாமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும் செவிமடுத்த உங்களுக்கும் நன்றி. வணக்கம்.