ஆபீஸ் ஆங்கிலத்தில் கதைக்கு என்ன வேலை?

[திரையில்: விண்கலம் கிளம்பும் காட்சி]

2003 ஜனவரி 16. கொலம்பியா விண்கலம் கிளம்பிய சுமார் 82-வது விநாடியில், எரிபொருள் தொட்டியின் மேலிருந்த நுரைப்பூச்சில் ஒரு துண்டு பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. கலம் விண்ணில் இருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் பாதிப்பைக் கணக்கிட்டு, நாசா மேலாளர்களுக்கு ஸ்லைடுகளாகக் காட்டினார்கள்.

[திரையில்: புள்ளிகள் நிறைந்த ஒரு ஸ்லைடு]

அதில் ஒரு ஸ்லைடைப் பாருங்கள். தலைப்பைப் படித்தால் 'பயமில்லை' என்றுதான் தோன்றும். கீழே புள்ளி, உட்புள்ளி, அதற்குள்ளும் ஒரு புள்ளி. 'சிக்னிஃபிகன்ட்' என்ற சொல் ஏதோ ஒரு வடிவில் ஐந்து முறை வருகிறது, வெவ்வேறு பொருள்களில். முக்கியமான தகவல் அடியில் கிடக்கிறது: முன்பு நுரைத்துண்டை மோதவிட்டுச் செய்த சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், இறக்கையில் மோதியதாக மதிப்பிட்டது 1920 கன அங்குலம். 640 மடங்கு! அப்படியென்றால் ஸ்லைடின் மேல்பகுதியில் சொன்ன சோதனை முடிவுகளை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

பிப்ரவரி 1 அன்று பூமிக்குத் திரும்பும்போது கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். ஸ்லைடால்தான் விபத்து என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்த ஸ்லைடைத் தனியாக எடுத்துவைத்து விமர்சித்தது.

எழுதியவர்களுக்கு ஆங்கிலம் தெரியாமலா போயிற்று? சொன்ன வரிசைதான் சிக்கல். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் மோதிய துண்டு, நாம் சோதித்ததைவிட 640 மடங்கு பெரியது. பழைய முடிவுகள் இதற்குப் பொருந்தாது." இதை ஆங்கிலத்தில் எழுதப் பள்ளிக்கூட ஆங்கிலமே போதும்.

ஆபீஸில் கதை என்பது இவ்வளவுதான்: எதனால் எது நடந்தது, அடுத்து என்ன. ஸ்டோரிடெல்லிங் என்றதும் சிலர் சொந்தச் சோகத்தில் ஆரம்பித்துவிடுகிறார்கள். மேடையில் சரி, திங்கட்கிழமை ரிப்போர்ட்டில் யாருக்கு நேரம்? இன்னொரு வித்தியாசமும் உண்டு. சினிமாவில் கிளைமாக்ஸ் கடைசியில் வரும், மெயிலில் அது முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும்.

[திரையில்: அமைதியாகப் படிக்கும் ஒரு மீட்டிங்]

அமேசானில் 2004-இல் அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ், மூத்த அதிகாரிகளின் மீட்டிங்குகளில் பவர்பாயின்ட் வேண்டாம் என்றார். பதிலாக, முழு வாக்கியங்களில் ஆறு பக்கம் எழுத வேண்டும். மீட்டிங் தொடங்கியதும் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்து அதைப் படிப்பார்கள். புள்ளி போட்டு எழுதினால், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் என்ன சம்பந்தம் என்று சொல்லாமலே நழுவிவிடலாம். வாக்கியமாக எழுதும்போது 'பிகாஸ்', 'பட்', 'ஸோ' எல்லாம் தானாக வந்து நிற்கும். யோசிக்காமல் விட்ட இடமும் அப்போதுதான் தெரியும்.

"டியூ டு சம் இஷ்யூஸ், தேர் வாஸ் எ டிலே" என்று வருகிற மெயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். என்ன இஷ்யூ? எத்தனை நாள் தாமதம்? நான் என்ன செய்ய வேண்டும்? ஒன்றும் தெரியாது. இலக்கணத்தில் மட்டும் ஒரு குறையும் இல்லை!

சரி, இன்டர்வியூ? அங்கே நடந்த வரிசையிலேயே சொல்லலாம்: சூழ்நிலை, உங்கள் பொறுப்பு, செய்தது, விளைவு. பலர் சூழ்நிலையை விவரிப்பதிலேயே பாதி நேரத்தைக் கரைத்துவிடுகிறார்கள். அப்புறம், மூச்சுக்கு மூச்சு 'வீ' என்கிறார்கள். எதிரே இருப்பவர் கேட்பது உங்கள் டீமைப் பற்றி அல்ல. செய்தது நீங்கள் என்றால், கூச்சப்படாமல் 'ஐ' என்றே சொல்லுங்கள்.