பொய் சொன்னா உயிர், உண்மை சொன்னா தூக்கு! ‘தி க்ரூசிபிள்’ நாடகத்தை உப்புலேர்ந்து படிக்கலாம் வாங்க

[திரையில்: கணப்பு அடுப்பில் கொதிக்கும் பானை. பக்கத்தில் யாரும் இல்லை.]

ஒரு விவசாயி இருட்டினப்புறம் வீட்டுக்கு வர்றார். மனைவி மாடியில பிள்ளைங்களைத் தூங்க வைக்கிறாங்க. பானையில முயல் கறி கொதிக்குது. ஒரு கரண்டி எடுத்து ருசி பார்க்கிறார். முகம் சுளிக்குது. அலமாரியைத் திறந்து உப்பு எடுத்துப் போடுறார். மனைவி இறங்கி வந்து அதே கறியைப் பரிமாறுறாங்க. ஒரு வாய் சாப்பிட்டுட்டு, “உப்பு உறைப்பெல்லாம் சரியா இருக்கு”ங்கறார். அவங்களுக்கு சந்தோஷத்துல முகமே சிவந்துடுது. பார்த்துப் பார்த்துச் செஞ்சேன்னு சொல்றாங்க.

இவ்ளோதான். சூனியம் இல்ல, சாத்தான் இல்ல, கூச்சல் இல்ல. ஆனா ஆர்தர் மில்லரோட ‘தி க்ரூசிபிள்’ நாடகம் மொத்தமும் இந்தப் பானைக்குள்ள இருக்கு. இது ரெண்டாவது அங்கத்தோட முதல் பக்கம். முக்கால்வாசிப் பேர் இதைப் புரட்டிட்டுப் போயிடுறாங்க. இன்னிக்கு அதை விடப்போறதில்ல.

[தலைப்பு அட்டை]

முதல்ல வரலாறு. வேகமா முடிச்சிடுறேன், தூங்கிடாதீங்க. 1692, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் காலனி, சேலம் கிராமம். மாம்பழத்துக்குப் பேர்போன நம்ம சேலம் இல்லங்க, இது வேற. அந்தக் கிராமத்துக்கு இப்போ பேர் டான்வர்ஸ். பாதிரியார் பாரிஸ் வீட்டுப் பொண்ணுங்களுக்கு வலிப்பு மாதிரி வருது. சூனியம்னு பேச்சு கிளம்புது. 150 பேருக்கு மேல குற்றம் சாட்டுறாங்க. 19 பேர் தூக்குல, ஒருத்தர் மேல அடுக்கின கல்லுக்கு அடியில நசுங்கி, குறைஞ்சது 5 பேர் ஜெயில்ல செத்தாங்க. அக்டோபர்ல கவர்னர் பிப்ஸ் அந்த கோர்ட்டையே கலைச்சிட்டார். வரலாறு ஓவர்.

நாடகம் 1953 ஜனவரி 22 அன்னிக்கு நியூயார்க்ல மேடையேறுச்சு. கம்யூனிஸ்ட்டுன்னு சந்தேகம் வந்தவங்களை அமெரிக்காவுல துரத்தித் துரத்தி விசாரிச்ச வேட்டை உச்சத்துல இருந்த நேரம். தலைப்பைப் பத்தி ஒரே ஒரு வார்த்தை: க்ரூசிபிள்னா தட்டார் பட்டறையில தங்கத்தை உருக்குற மூசை. நெருப்புல வச்சா கலப்படம் தனியா பிரியும், தங்கம் தனியா நிக்கும். உள்ளே வச்சது தாங்குமாங்கறதுதான் கேள்வி.

சரி, எப்படிப் படிக்கிறது?

ஒரு பேப்பர் எடுங்க. மூணு கட்டம் போடுங்க. யார் குற்றம் சாட்டுறாங்க, யார் மேல, மூணாவது கட்டம்தான் முக்கியம், அந்தப் பேரு முதல்ல யார் வாயிலேர்ந்து வந்துச்சு. முதல் அங்கத்துல டிட்டூபாவை விசாரிக்கிற இடத்துக்குப் போங்க. டிட்டூபா பாரிஸ் வீட்டு அடிமை. சவுக்கடி, தூக்குன்னு மிரட்டுறாங்க. சாத்தான்கூட யாரைப் பார்த்தேன்னு கேட்கும்போது அவங்க எந்தப் பேரும் சொல்லல. “சாரா குட்டைப் பார்த்தியா? ஆஸ்பர்னையா?”ன்னு எடுத்துக் கொடுக்கிறது பட்னம், ஊர்ப் பணக்காரர். கொஞ்ச நேரம் கழிச்சு டிட்டூபா வாயிலேர்ந்து வர்ற பேரு எதுன்னு நினைக்கிறீங்க? அதே ரெண்டு பேருதான்! கேள்வி கேட்டவரே பதிலையும் ஊட்டி விட்டார். இந்தக் கட்டத்தை நிரப்பாம ‘கூட்டு வெறி’ன்னு பத்து தடவை எழுதினாலும் பதில்ல சரக்கு இருக்காது.

பாதியில ஒரு சந்தேகம் தீர்த்துடுறேன். ‘கூடி குட்’, ‘கூடி ஆஸ்பர்ன்’னு வருதுல்ல, ‘கூடி’ பேரு இல்ல. கல்யாணமான சாதாரணக் குடும்பத்துப் பெண்ணைக் கூப்பிடுற முறை, நம்ம ‘திருமதி’ மாதிரி. ‘கூடி’ங்கற ஒரே ஆளு ஊர் முழுக்கச் சூனியம் வைக்கிறான்னு நினைச்சிடாதீங்க.

முதல் அங்கத்துல நடுநடுவே நீளமா உரைநடை வரும். நிலத்தகராறு, பியூரிட்டன்ங்கற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவோட வாழ்க்கைன்னு மில்லரே பேசுவார். அது வாசகருக்கு எழுதினது, வசனம் இல்ல. முதல் தடவை தாண்டிப் போங்க, மூணாவது அங்கம் முடிச்சப்புறம் திரும்பி வந்து படிங்க. அப்போதான் பட்னமுக்கு ஏன் அடுத்தவன் நிலத்து மேல கண்ணுங்கறது உறைக்கும்.

[திரையில்: மூடிய கதவு. இருபுறமும் முதுகு காட்டி நிற்கும் இரண்டு உருவங்கள்.]

இப்போ மூணாவது அங்கம். இங்கதான் நான் உட்காரப்போறேன், நீங்களும் உட்காருங்க.

நிலைமை இதுதான். நம்ம விவசாயி ஜான் ப்ராக்டர். அவர் மனைவி எலிசபெத்தைச் சூனியக்காரின்னு கொண்டுபோயிட்டாங்க. சொன்னது அபிகேல், அந்த வீட்டுல முன்னாடி வேலை பார்த்த பொண்ணு. ப்ராக்டருக்கும் அவளுக்கும் தொடுப்பு இருந்தது, அதனாலதான் எலிசபெத் அவளைத் துரத்துனாங்க. அந்தப் பழிக்குப் பழியா அவ இதைச் செய்யறான்னு நிரூபிக்கணும். நிரூபிக்க ஒரே வழி, தன் மானத்தைத் தானே ஏலம் போடுறது. ப்ராக்டர் கோர்ட்டுல நின்னு தன் கள்ளத்தொடர்பை ஒத்துக்கிறார்.

நீதிபதி டான்ஃபோர்த் கெட்டிக்காரர். மனைவியைக் கூட்டிட்டு வரச் சொல்றார். அதுக்கு முன்னாடி ப்ராக்டர் ஒரு சாட்சி சொல்றார்: என் மனைவி வாழ்க்கையில பொய்யே சொன்னதில்ல. கவனிங்க, தன் உயிரை அடகு வைக்கிறதே இந்த ஒரு வரி மேலதான்.

டான்ஃபோர்த் செய்யற ஏற்பாட்டைப் பாருங்க. அபிகேல் திரும்பி நிக்கணும். ப்ராக்டரும் திரும்பி நிக்கணும். ரெண்டு பேரும் சைகை காட்டக் கூடாது. எலிசபெத் உள்ளே வர்றாங்க. கணவர் முகமும் தெரியல, அபிகேல் முகமும் தெரியல, ரெண்டு முதுகு மட்டும். கணவர் பக்கம் பார்வை போனா, என்னை மட்டும் பாருங்கறார். அபிகேலை ஏன் அனுப்பினேன்னு கேட்கிறார். அவங்க சுத்தி வளைக்கிறாங்க: வேலை திருப்தியில்ல, பிள்ளை பெத்தப்புறம் எனக்கு உடம்பு சரியில்ல, வீணா சந்தேகப்பட்டுட்டேன். நேரா கேட்கிறார்: உன் கணவன் ஒழுக்கம் கெட்டவனா?

“இல்லங்க ஐயா.” ஏறக்குறைய கேட்காத குரல்ல.

அவ்ளோதான். இழுத்துட்டுப் போறாங்க. ப்ராக்டர் பின்னாடியிலேர்ந்து கத்துறார், நானே ஒத்துக்கிட்டேன் எலிசபெத்! “ஐயோ கடவுளே!” கதவு சாத்திடுது. இதுக்கு மேல ஒரு வரி எழுதியிருந்தா நாடகமே கெட்டிருக்கும்னு எனக்கு எப்பவும் தோணும்.

எலிசபெத் வாழ்க்கையில சொன்ன ஒரே பொய். கணவன் மானத்தைக் காப்பாத்த. ஒரு அங்கம் முன்னாடி அவர் உப்புக்குச் சொன்ன பொய்யும் இதே மாதிரி, மனசு நோகக் கூடாதுன்னு. நல்ல பொய் அடுப்படியில குடும்பத்தைக் கட்டுது, கோர்ட்டுல குடும்பத்தைக் கவிழ்க்குது. அந்தக் கோர்ட்டுல அன்னிக்கு அத்தனை பொண்ணுங்க பொய் பேசுறாங்க, எல்லாத்தையும் நம்புறாங்க. இந்த ஒரு பொய்யையும் நம்பிடுறாங்க!

ஏன் அந்தக் கோர்ட்டுக்குப் பொய்யைக் கண்டுபிடிக்கவே முடியல? டான்ஃபோர்த்தே சொல்றார்: சூனியம் கண்ணுக்குத் தெரியாத குற்றம். சாட்சி ரெண்டே பேர்தான், வச்சவளும் வாங்கினவளும். வச்சவ தன்னைத்தானே காட்டிக்கொடுக்க மாட்டா. அதனால பாதிக்கப்பட்டவ சொல்றதுதான் ஆதாரம். வக்கீலுக்கும் வேலை இல்ல, சாட்சிக்கும் வேலை இல்ல. கைதான ரெபேக்காவோட கணவர் ஃபிரான்சிஸ் நர்ஸ் 91 பேர் கையெழுத்து வாங்கிட்டு வர்றார், பிடிச்சு வச்சிருக்கிற பெண்கள் நல்லவங்கன்னு. அந்த 91 பேரையும் விசாரணைக்கு இழுக்க உத்தரவு போயிடுது! கையெழுத்து வாங்கின மனுஷன் உடைஞ்சு போறார். யாருக்கும் கெடுதல் வராதுன்னு வாக்குக் கொடுத்திருந்தாராம். பரீட்சையில ‘வெகுஜன வெறி’ன்னு கேட்டா பொண்ணுங்க கத்துறதை மட்டும் எழுதாதீங்க, இந்தச் சட்ட ஓட்டையை எழுதுங்க. கத்துறது யாராலும் முடியும். அதுக்கு முத்திரை குத்துறதுக்கு கோர்ட்டு வேணும்.

ஜைல்ஸ் கோரியைப் பத்திச் சொல்லியே ஆகணும். அதே அங்கத்துல, பட்னம் நிலத்துக்காகத்தான் மகளைத் தூண்டிவிடுறார்னு ஒருத்தர் தன்கிட்ட சொன்னதா இவர் சொல்றார். யார் அந்த ஆளுன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறார், சொன்னா அந்த ஆளும் ஜெயிலுக்குப் போவார். அவமதிப்புன்னு பிடிச்சு உட்கார வைக்கிறாங்க. இது மேடையேறினது 1953-ல. 1956 ஜூன் 21 அன்னிக்கு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் கமிட்டி மில்லரையே கூப்பிட்டு, முன்னாடி அவர் போயிருந்த கம்யூனிஸ்ட் எழுத்தாளர்கள் கூட்டத்துல யார் யார் இருந்தாங்கன்னு பேர் கேட்டுச்சு. சொல்லமாட்டேன்னார். 1957-ல அவமதிப்புத் தண்டனை, 1958-ல மேல்முறையீட்டுல ரத்து. தான் எழுதின வசனத்தைத் தானே போய் நடிச்ச மாதிரி ஆகிப்போச்சு. ஒரு விஷயம், இந்தக் கமிட்டி, கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பேர்போன மெக்கார்த்தியோடது இல்ல. மெக்கார்த்தி செனட்டர், வேற சபை. ரெண்டையும் குழப்பினா மார்க் போகும்.

மத்த பிழைகளையும் சொல்லிடுறேன். சேலத்துல யாரையும் எரிக்கல, தூக்குல போட்டாங்க. அபிகேல் நாடகத்துல 17 வயசு, நிஜத்துல 11 அல்லது 12. ப்ராக்டர் நிஜத்துல 60 வாக்குல. அந்தக் காதல் விவகாரம் மில்லரோட கற்பனை. கோர்ட்டுக்குத் தலைமை நீதிபதி ஸ்டவுட்டன், டான்ஃபோர்த் இல்ல.

கடைசி அங்கம் சுருக்கமா. ஒத்துக்கிட்டா உயிரு, நிஜத்துலயும் அப்படித்தான், ஒத்துக்கிட்டு அதுலயே நின்னவங்க யாரையும் தூக்குல போடல. சாமுவேல் வார்ட்வெல்னு ஒருத்தர் ஒத்துக்கிட்டுப் பின்வாங்கினார், செப்டம்பர் 22-ல தூக்கிட்டாங்க. நாடகத்துல ப்ராக்டர் வாயால ஒத்துக்கிறார், கையெழுத்தும் போட்டுடுறார். ஆனா அதை சர்ச் கதவுல ஒட்டப் போறாங்கன்னு தெரிஞ்சதும் கிழிச்சுப் போடுறார். என் பேரு மட்டுமாவது எனக்கு இருக்கட்டும்னு.

கமெண்ட்ல ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கு எலிசபெத் “ஆமா”ன்னு சொல்லியிருந்தா, டான்ஃபோர்த் அபிகேலைக் கைது செஞ்சிருப்பாரா? உங்க பதிலுக்கு மூணாவது அங்கத்துலேர்ந்து ஒரு வரியாவது ஆதாரம் காட்டணும், சும்மா சொன்னா ஏத்துக்க மாட்டேன்.