பழைய ஸ்பிட்ஃபயர், ஹெரால்டு: எடுத்து ரெடி பண்றது கட்டுபடியாகுமா?

வணக்கம் மக்களே. பாலக்காட்டுல இருந்து பேசறேன். "டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ங்கற பழைய இங்கிலாந்து கார் ஒண்ணு விலைக்கு வருது, ஆனா இன்ஜின் ஜாம்"னு தயங்கறவங்களுக்குத்தான் இந்த வீடியோ. இன்ஜின் ஜாமுக்குப் பயப்படாதீங்க. துருவுக்குப் பயப்படுங்க.

1962ல வந்த ஸ்பிட்ஃபயரோட சேஸ், அதாவது அடிச்சட்டம், அதே கம்பெனியோட ஹெரால்டு கார் சேஸைச் சுருக்கிச் செஞ்சது. அந்த ஹெரால்டைத்தான் நம்ம சென்னையில ஸ்டாண்டர்டு கம்பெனி செஞ்சாங்க. அதனால துருவுக்காகப் பாக்க வேண்டிய இடம் ரெண்டுக்கும் பெரும்பாலும் ஒண்ணுதான். ஒரு பெரிய வித்தியாசம், கதவுக்குக் கீழ நீளமா ஓடற தகடு, அதைச் "சில்"னு சொல்வாங்க. ஹெரால்டுல அந்தச் சில் வெறும் போல்ட்டுல மாட்டினது. ஸ்பிட்ஃபயர்ல பாடியோட பலமே அந்தச் சில்தான். மெல்லிசு துணியில காந்தத்தைச் சுத்தி சில் நீளத்துக்கும் ஓட்டுங்க. ஒட்டாத இடமெல்லாம் தகடு இல்ல, பூசின பட்டிதான். அடியில ஸ்குரூ டிரைவரால அழுத்திக் குத்துங்க, உள்ள போச்சுன்னா தகடு இல்ல. கதவு இடைவெளியையும் பாருங்க. மேல ஒட்டி, கீழ அகலமா இருந்தா பாடி நடுவுல தொங்கிடுச்சு. டிங்கரிங் பண்றவர் கதவு வாசல்ல குறுக்கே பைப் வெச்சு வெல்டு பண்ணாம சில்லை அறுத்தாருன்னா, பாடி வளைஞ்சு அப்புறம் கதவே மூடாது. அதை நிமித்தற கூலியில காரோட விலையே போயிடும்.

அடுத்து முன்சக்கரம். சக்கரத்தைத் தாங்கற செங்குத்து லிங்கோட அடியில ட்ரன்னியன்னு ஒரு பித்தளைப் பாகம், மரையில சுத்தும். அதுக்கு இபி 90 கியர் ஆயில்தான் விடணும். நம்ம ஊர்ல கிரீஸ் கன்னை வெச்சு அடிச்சு விட்டுடறாங்க. கிரீஸ் இறுகி மரைக்குப் போகாது, தண்ணி இறங்கித் துருப்பிடிச்சு, ஒரு நாள் திருப்பத்துல லிங்க் உடைஞ்சு சக்கரம் மடங்கிடும். வண்டி எடுத்ததும் ரெண்டு பக்கமும் கழட்டி, மரை அரிச்சிருந்தா யோசிக்காம மாத்துங்க. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

இன்ஜின் சுத்துதுன்னா, ஒருத்தரை கிளட்ச் மிதிக்கச் சொல்லிட்டு இன்ஜின் முன்னாடி பெல்ட் ஓடற கிராங்க் புல்லி முன்ன பின்ன நகருதான்னு கவனிங்க. 0.1ல இருந்து 0.2 மில்லிமீட்டர் ஆட்டம் சரி. கண்ணுக்கே நல்லா தெரியற அளவு முன்ன பின்ன போனா, பின் மெயின் பேரிங் பக்கத்துல இருக்கற கிராங்க் நகராம தடுக்கற அரைவட்ட த்ரஸ்ட் வாஷர் தேஞ்சு, இன்ஜின் அடியில ஆயில் நிக்கற சம்புக்குள்ள விழுந்திருக்கலாம். அப்படியே ஓட்டினா கிராங்கும் பிளாக்கும் உரசி ரெண்டுமே போயிடும். மத்தபடி சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கற ரீபோர், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் வாளையாறு தாண்டினா கோயமுத்தூர் லேத்துலயே முடிஞ்சிடும். பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் இங்கிலாந்துல இன்னும் புதுசாவே கிடைக்குது, கஸ்டம்ஸ் வரியையும் சேத்துக் கணக்குப் போடுங்க. கண்ணாடி ஃபிரேம், குரோம், பம்பர் இல்லாத வண்டின்னா விலையை நல்லாக் குறைச்சுக் கேளுங்க.

காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஆர்சியில இருக்கற சேஸ் நம்பரையும் வண்டியில இருக்கறதையும் ஒத்துப் பாருங்க. தமிழ்நாட்டு வண்டியை கேரளாவுல வெச்சுக்கறதா இருந்தா ஃபார்ம் 28 என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லைங்கற சான்று, வாங்கணும், 12 மாசத்துக்கு மேல இங்க நின்னா இங்க பதியணும். முதல் பதிவுல இருந்து 50 வருசம் தாண்டினதுக்கு 2021 விதிப்படி வின்டேஜ் வண்டிக்கான விஏ நம்பர் வாங்கலாம், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருசம் செல்லும். ஆனா அதுல தினமும் ஓட்ட முடியாது. சேஸ், பாடி, இன்ஜின் ஒரிஜினலாவும் இருக்கணும். வேற கார் இன்ஜினை மாட்டினா அந்த நம்பர் கிடைக்காது.

டிங்கரிங், பெயின்ட்டுக்கு மட்டும் ரெண்டு இடத்துல எழுத்துல எஸ்டிமேட் வாங்குங்க. பெயின்ட்டை உரிச்சதும் அது எப்பவும் ஏறும், அதனால மூணுல ஒரு பங்கு கூடச் சேத்துப் பாருங்க. அந்தத் தொகையே ரெடியான ஒரு வண்டியோட விலையைத் தொட்டுச்சுன்னா, ரெடியானதையே வாங்குங்க.