வள்ளுவர் சிலையும் பெரிய சூரியனும்: எங்கே நின்று எடுப்பது?

வணக்கம் நண்பர்களே. பெரிய உதயசூரியனுக்கு முன்னால் ஓர் உருவம் கருப்பாக நிற்கும் படத்துக்கு எத்தனை மி.மீ. லென்ஸ் வாங்க வேண்டும் என்றுதான் பலரும் கேட்கிறீர்கள். அதற்கு முன், எவ்வளவு தூரத்தில் நிற்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.

சூரியன் வானத்தில் பிடிக்கும் இடம் அரை பாகைக்குச் சற்றே அதிகம். அடிவானத்தில் அது பெரிதாகத் தெரிவது நம் கண்ணின் மயக்கம்தான். ஒரு பொருளின் உயரத்தைப்போல் சுமார் 108 மடங்கு தள்ளி நின்றால், அதுவும் சூரியனும் ஒரே அளவாகத் தெரியும். ஐந்தரை அடி மனிதருக்கு 180 மீட்டர் போதும். கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையோ பீடத்தோடு சேர்த்து 133 அடி. கரையிலிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது என்பதால், கரையில் நின்று எந்த லென்ஸை மாட்டினாலும் சூரியன் சிலையின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்காகத்தான் வரும். லென்ஸ் இரண்டையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. இரண்டும் சமமாக வர வேண்டுமானால் 4.4 கிலோமீட்டர் விலக வேண்டும். கன்னியாகுமரிக்கு மேற்கே உள்ள கோவளம் கிராமத்துப் பக்கமாகக் கடலோரம் போய், மறைப்பில்லாத இடமாகத் தேடிப் பாருங்கள்.

அவ்வளவு தூரம் போன பிறகுதான் டெலிஃபோட்டோவுக்கு (தொலைவில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் நீள லென்ஸுக்கு) வேலை. 600 மி.மீ. லென்ஸில் சூரியன் சென்சார்மீது ஐந்தரை மி.மீ. அகலத்துக்கு விழும், அதாவது ஃபுல் ஃபிரேம் (24 மி.மீ. உயரச் சென்சார்) படத்தின் உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கு, 200 மி.மீ. லென்ஸில் 2 மி.மீ.கூட வராது.

நிற்கும் இடத்தை நுணுக்கமாகச் சரிசெய்வதில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். சூரியன் எந்தப் பக்கம் நகர வேண்டுமோ, அந்தப் பக்கமே நாமும் நகர வேண்டும். 180 மீட்டரில் நிற்கும் ஆளுக்கு இரண்டெட்டு வைத்தால் சூரியன் தன் அகலம் முழுக்க நகர்ந்துவிடும். சிலைக்கோ ஏறக்குறைய 40 மீட்டர் நடந்தாக வேண்டும், அதுவும் டிரைபாடைத் தூக்கிக்கொண்டு. நம் ஊர்ப்பக்கம் சூரியன் கிட்டத்தட்ட நிமிர்ந்தே ஏறுவதால், தன் விட்டத்தின் அளவு உயர இரண்டு நிமிடம்தான் ஆகும். ஆகவே ஓடித் திரிய நேரமிருக்காது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் உதிக்கும் இடமே தினமும் சூரியனின் அகலத்தில் முக்கால் பங்கு தள்ளிப்போகிறது. நேற்று நின்ற இடம் இன்று உதவாது. சூரியன் உதிக்கும் திசையைக் காட்டும் செயலியில் பார்த்துவிட்டுப் போங்கள்.

எக்ஸ்போஷரை (படத்தில் விழும் ஒளியின் அளவை) மேனுவலில் வைத்துச் சூரியனுக்கே அளவெடுங்கள்; உருவம் தானாகக் கருத்துவிடும். வெள்ளைச் சமநிலையை (படத்தின் நிறச்சாயலைச் சரிசெய்யும் அமைப்பை) ஆட்டோவில் விட்டால் செம்மை வெளுத்துவிடும் என்பதால் பகல் வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். ஃபோகஸ் உருவத்தின்மீது இருக்கட்டும். 180 மீட்டரில், லென்ஸ் துளை எஃப் 8-ல் இருந்தால் சூரியனின் விளிம்பு சற்று மழுங்கும், துளையைச் சிறிதாக்கி எஃப் 16-ல் வைத்தால் அந்த மழுங்கல் பாதியாகக் குறையும். ஆள் நிற்பதாயிருந்தால் பக்கவாட்டில் திரும்பி, கைகளை உடம்பிலிருந்து விலக்கி நிற்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வெறும் கருப்புத் தூண்தான் மிஞ்சும்.

டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் வழியாகச் சூரியனைப் பார்க்கவே வேண்டாம், பின்திரையைப் பயன்படுத்துங்கள். செம்மை போய்ச் சூரியன் கூசத் தொடங்கியதும் லென்ஸை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.