பாட்டிலில் 40, சிரிஞ்சில் 100: இன்சுலின் வாங்கும்போது கவுண்டரிலேயே பார்க்க வேண்டியவை

[திரையில்: இரண்டு இன்சுலின் சிரிஞ்சுகள். ஒன்றுக்குச் சிவப்பு மூடி, இன்னொன்றுக்கு ஆரஞ்சு மூடி.]

இரண்டுமே இன்சுலின் போடும் சிரிஞ்ச்தான். ஆனால் மாற்றி எடுத்தால் உடம்புக்குள் போகும் அளவே மாறிவிடும். சிவப்பு மூடி 40 சிரிஞ்ச், ஆரஞ்சு மூடி 100 சிரிஞ்ச். ஒரு மில்லியில் எத்தனை யூனிட் உள்ள இன்சுலினுக்கான சிரிஞ்ச் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது; யூனிட் என்பது இன்சுலினை அளக்கும் அளவு.

இந்தியாவில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனா கார்ட்ரிட்ஜில், அதாவது பேனா வடிவ ஊசிக் கருவிக்குள் போடும் மருந்துக் குழாயில், 100 யூனிட். சில பாட்டில்களும் 100-ல் வருகின்றன, அதனால் லேபிளைப் படித்தே ஆக வேண்டும்.

[திரையில்: 20 என்ற கோடு பெரிதாகத் தெரிகிறது.]

டாக்டர் 20 யூனிட் எழுதியிருக்கிறார். கையில் 40 பாட்டில், வாங்கியது 100 சிரிஞ்ச். 20 கோடு வரை இழுத்தால் வருவது 0.2 மில்லி, அதாவது வெறும் 8 யூனிட். சுகர் இறங்காது. மருந்து போதவில்லை போல என்று அளவைக் கூட்டிவிடுவார்கள். தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம்: 100 இன்சுலினை 40 சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால் 50 யூனிட் ஏறிவிடும். உயிருக்கே ஆபத்து.

அரசு மருத்துவமனையில் இன்சுலினை வாங்கிக்கொண்டு, சிரிஞ்சை மட்டும் தெருமுனைக் கடையில் வாங்குபவர்கள் உண்டு. அந்தக் கடை மருந்தாளுநர் "எந்த இன்சுலினுக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். இந்திய மருந்தியல் கவுன்சிலின் 2015 விதிமுறைகளும் நோயாளிக்கு விளக்கிச் சொல்வதை மருந்தாளுநரின் வேலையாகவே வைத்திருக்கின்றன. சாயங்காலக் கூட்டத்தில் அது நடக்கிறதா என்பது வேறு கதை.

[திரையில்: கவுண்டரில் ஒரு பெண்மணி, கையில் இன்சுலின் பேனா.]

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். விவரமான மருந்தாளுநர், "அம்மா, வீட்டுல எப்படிப் போடுவீங்களோ அப்படியே காட்டுங்க" என்பார். அப்போதுதான் எல்லாம் வெளியே வரும். கலங்கலான இன்சுலினை உருட்டிக் கலக்காமல் போடுவது, பேனா ஊசியைக் குத்தியதும் உருவிவிடுவது. பத்து எண்ணும் வரை ஊசி உள்ளேயே இருக்க வேண்டும்.

வயிற்றில் ஒரே இடத்தில் குத்துவதும் அப்போதே தெரிந்துவிடும். அங்கே கொழுப்பு தடித்துக் கட்டிபோல ஆகிவிடும். வலி குறைவு என்பதால் பலரும் அந்த இடத்தை விடமாட்டார்கள். ஆனால் கட்டியில் போட்ட மருந்து சீராக ரத்தத்தில் சேராது. சரி, இடத்தை மாற்றிவிடலாமா? மாற்றத்தான் வேண்டும், ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு. நல்ல இடத்தில் அதே அளவு கூடுதலாக வேலை செய்து லோ சுகர் வரலாம்.

பிரிக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சி வேண்டும். ஃப்ரீசர் கூடாது. உறைந்துபோனது உருகினாலும் பயன்படாது. பிரித்ததைப் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள் முடிக்க வேண்டும்.

[திரையில்: குளுக்கோமீட்டரில் 62.]

அப்புறம் லோ சுகர். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, மீட்டரில் 70-க்குக் கீழே. உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழையுங்கள்.