இன்டேக் வால்வில் படியும் கரியை எப்படி எடுக்க வேண்டும்?

வணக்கம். திரையில் தெரிவது, இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிய ஒரு டர்போ பெட்ரோல் இன்ஜினில் காற்று நுழையும் வழி. உள்ளே வால்வின் தண்டிலும் முதுகிலும் அடிப்பிடித்த பாத்திரம்போலக் கறுத்து, மேடும் பள்ளமுமாகக் காய்ந்திருக்கிறதே, அந்தக் கரியைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

பழைய எம்பிஎஃப்ஐ இன்ஜின்களில் இன்ஜெக்டர் இந்த வால்வின் மீதே பெட்ரோலைப் பீய்ச்சுவதால், பெட்ரோலும் அதில் கலந்துள்ள டிடர்ஜென்டும் ஓட ஓட வால்வைக் கழுவிவிடும். மிட்சுபிஷி நிறுவனம் 1996-ல் கேலன்ட் காரில் கொண்டுவந்த ஜிடிஐ போன்ற டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களிலோ, பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போய்விடுகிறது. இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து பிசிவி (அங்கே சேரும் வாயுவை மீண்டும் இன்டேக்குக்கு அனுப்பும் வால்வு) வழியாகத் திரும்பும் ஆயில் ஆவி மட்டும் வால்வில் பட்டு, சூட்டில் வறண்டு, அடுக்கடுக்காகப் படிகிறது.

ஆகவே டேங்கில் ஊற்றும் கிளீனர், எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், இந்த இடத்தை எட்டவே எட்டாது. இன்ஜெக்டர் நுனிக்கு அது உதவக்கூடும். வால்வுக்காக அதை வாங்குவது வீண் செலவு.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் நடுங்குவது, பிக்கப் குறைவது, ஸ்கேனரில் மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாதது) என்ற பிழைக் குறியீடு வருவது ஆகியவை கரியின் அடையாளங்கள். ஆனால் ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ கெட்டாலும் இதே தொல்லைதான் வரும் என்பதால், முதலில் அவற்றைச் சோதித்துவிட்டு, பிறகு போரோஸ்கோப் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும்.

கரி கெட்டியாக இருந்தால் வால்நட் பிளாஸ்டிங்தான் நம்பத்தக்க வழி. பொடித்த வால்நட் ஓட்டைக் காற்றழுத்தத்தில் வால்வின் மீது அடிக்க, உதிரும் கரியையும் தூளையும் வேக்யூம் குழாய் உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஓடு கரியைப் பெயர்க்கும் அளவுக்குக் கடினமானது. ஆனால் வால்வின் எஃகையும் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டின் அலுமினியத்தையும் கீறாத அளவுக்கு மென்மையானது. மணலை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

இப்போது இந்தக் காட்சியைக் கூர்ந்து கவனியுங்கள். மெக்கானிக் கிராங்க் போல்ட்டை ஸ்பேனரால் மெல்லத் திருப்பி, சுத்தம் செய்யப்போகும் சிலிண்டரின் இன்டேக் வால்வுகள் முழுவதும் மூடியிருப்பதை டார்ச் அடித்து உறுதிசெய்கிறார். ஒரு நூல் அளவு திறந்திருந்தாலும் தூளும் கரியும் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். அவசரப்படுகிறவர்கள் தவறுவது இங்கேதான். ஸ்க்ரூடிரைவரால் சுரண்டியதில் வால்வு மூடும்போது அமரும் விளிம்பான வால்வு சீட் கீறி, கம்ப்ரஷன் குறைந்து, ஹெட்டையே இறக்க நேர்ந்த ஓர் இன்ஜினையும் நான் பார்த்திருக்கிறேன்.

இன்ஜின் ஓடும்போதே அடிக்கும் ஸ்ப்ரே மெல்லிய படிவுக்குச் சரி. தடித்த கரியில் அடித்தால், கட்டி பெயர்ந்து டர்போவின் விசிறியைத் தாக்க வாய்ப்புண்டு.

டீசல் இன்ஜினின் கதை வேறு. அங்கே இஜிஆர் (வெளியேறும் புகையில் ஒரு பகுதியை மீண்டும் இன்டேக்குக்குத் திருப்பும் அமைப்பு) அனுப்பும் புகைக்கரி ஆயில் ஆவியோடு சேர்ந்து, தார்போல மேனிஃபோல்டையே அடைக்கிறது. அதைக் கழற்றி, கரைப்பானில் ஊறவைத்துக் கழுவ வேண்டும்.

வேலை முடிந்ததும் மேனிஃபோல்டுக்குப் புது கேஸ்கெட் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வால்வையும் சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் எடுத்த போரோஸ்கோப் படங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.